ரேட்டிக் எழுத்து: உகரம் நிமிர்ந்து நிற்குமா, கவிழ்ந்து நிற்குமா?

மேலூர் டீச்சர்

பள்ளிக் கண்காட்சிக்குப் பழைய எழுத்துகள் பற்றி இரண்டு சார்ட் தயாராகிறது. ஒன்றில் மாங்குளம், கீழவளவு, அரிட்டாபட்டிக் குகைகளின் தமிழி, அதாவது தமிழ் பிராமி. இன்னொன்றில் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் பழங்காலத்தில் வழங்கிய ரேட்டிக் மொழியின் எழுத்து. தமிழி சார்ட் முடிந்துவிட்டது. ரேட்டிக்கில்தான் முழிபிதுங்குகிறது. இணையத்தில் எடுத்த நான்கு அட்டவணையும் நான்கு விதம்.

ஒன்றில் உகரம் ஆங்கில 'வி' மாதிரி, கூர் கீழே. இன்னொன்றில் ஓட்டுக்கூரை மாதிரி, கூர் மேலே. மேல்நுனியில் கொக்கி போட்ட நிமிர்கோடு ஒரு அட்டவணையில் 'ப', அடுத்ததில் 'ல'. ஒன்றில் எழுத்தெல்லாம் வலப்பக்கம் பார்க்கின்றன, மற்றதில் இடப்பக்கம். ஒன்றில் சில எழுத்துக்கு இரண்டு பக்கமும் புள்ளி. ஒன்றில் மட்டும் ஒகரம் இருக்கிறது. அம்பு மாதிரி ஒரு குறி, ஏணி மாதிரி ஒரு குறி, இரண்டுக்கும் 'ட்ஸ்' என்றே போட்டிருக்கிறார்கள்.

எதை நம்பி வரைவது? சார்ட் 2 அடிக்கு 3 அடி. ஒரு பெயராவது முழுதாக எழுதிக் காட்ட வேண்டும். பிள்ளைகள் பானை ஓட்டில் கீறிப் பார்க்கவும் ஒரு மேசை போடுகிறோம். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ரேட்டிக்கில் உள்ள சிலுவைக் குறி நம் தமிழி ககரம் போலவே இருப்பதால், 'இரண்டும் ஒரு தாய் மக்கள்' என்று அடியில் ஒரு வரி எழுதச் சொல்கிறார் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர். எழுதலாமா?

எதிர்முகம்

டீச்சர், உங்களிடம் இருக்கும் நான்கில் இரண்டு சரியான அட்டவணைதான். ஆனால் அவை ஒரே நெடுங்கணக்கின் அட்டவணை அல்ல. ரேட்டிக் மொழியை எழுத இரண்டு நெடுங்கணக்கு இருந்தன. வட இத்தாலியில் திரெந்தினோ பகுதியின் நோன் பள்ளத்தாக்கில் உள்ள சன்ட்ஸேனோ என்ற ஊர் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தது. விச்சென்ஸா பக்கம் ஸ்கியோ நகரை ஒட்டிய மக்ரே இன்னொன்றுக்கு. மக்ரேயில் கிடைத்தவை மான்கொம்பில் கீறிய நேர்த்திக்கடன் பொருள்கள்.

இரண்டுக்கும் பெரும்பாலான எழுத்து பொது. மூன்றே எழுத்து தலைகீழ்: உ, ல, ப.

சன்ட்ஸேனோவில் உகரத்தின் கூர் கீழே. மக்ரேயில் கூர் மேலே, நீங்கள் சொன்ன ஓட்டுக்கூரை.

சன்ட்ஸேனோவில் லகரம் ஒரு நிமிர்கோடு, அடியில் ஒரு கால். நம் 'ட'வைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படியோ அப்படி. மக்ரேயில் அந்தக் கால் உச்சிக்குப் போய்விடும்.

பகரம் இதற்கு நேர்மாறு. சன்ட்ஸேனோவில் கொக்கி உச்சியில், மக்ரேயில் அடியில்.

உங்கள் குழப்பத்தின் வேர் இங்கேதான். உச்சியில் கொக்கி போட்ட நிமிர்கோடு சன்ட்ஸேனோக் கணக்கில் 'ப', மக்ரேக் கணக்கில் 'ல'. தனியாக ஒரு எழுத்தை வெட்டி எடுத்துக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. முதலில் உகரத்தைத் தேட வேண்டும். அதன் கூர் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் கொக்கிகளை வாசிக்கலாம். உகரம் இல்லாத துண்டாக இருந்தால் 'ட்ஸ்' குறியைப் பாருங்கள். நிமிர்ந்த அம்பு சன்ட்ஸேனோ வழக்கம், ஏணி மக்ரே வழக்கம். இரண்டுமே இல்லாவிட்டால், வாசிப்பில் கேள்விக்குறி போட்டு விட்டுவிடுவதுதான் நேர்மை.

எழுதிக் காட்டப் பெயர் வேண்டும் என்றீர்களே, 'லுப்னு' எடுத்துக்கொள்ளுங்கள். செம்ப்ரா என்ற ஊரில் 1825இல் கிடைத்த வெண்கல வாளியில் இருக்கும் பெயர். எழுத்து சன்ட்ஸேனோ. ல, உ, ப, ந, உ என்று ஐந்தே எழுத்து, அதற்குள் தகராறு பிடித்த மூன்றும் வந்துவிடுகின்றன. இதையே மக்ரே அட்டவணையை வைத்துக்கொண்டு ஒருவர் கூட்டினால் 'புல்னு' என்று வரும். பிள்ளைகளிடம் இரண்டு அட்டவணையையும் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், வேறு விளக்கமே தேவைப்படாது.

வாளியில் இருப்பவை ஆட்பெயர்கள். தந்தை வழிப் பெயரின் கடைசியில் ஆணுக்கு '-னு', பெண்ணுக்கு '-னா' வரும். அதே வாளியில் 'ஃபெல்னா வினுதாலினா' என்று ஒரு பெயர் இருக்கிறது.

ஒகரம் உள்ள அட்டவணையை ஒதுக்கிவிடுங்கள். ரேட்டிக்கில் அ, எ, இ, உ என நான்கு உயிர்தான். க, த, ப இவற்றின் அதிர்வொலிகளுக்கும் (g, d, b) எழுத்து கிடையாது. இந்த எழுத்து, ரோமானியருக்கு முன்பே இத்தாலியில் எழுதிய எட்ருஸ்கன் மக்கள் வழி வந்தது. எட்ருஸ்கன்காரர்கள் கிரேக்கரிடம் நெடுங்கணக்கை முழுதாக வாங்கினார்கள், பேச்சில் இல்லாத ஒலிகளுக்கான எழுத்தை எழுதும்போது பயன்படுத்தவில்லை. இத்தாலியின் மார்சிலியானாவில் கிடைத்த எட்ருஸ்கன் தந்தப் பலகையின் விளிம்பில் 26 எழுத்தும் வரிசையாக இருக்கின்றன. அது படிப்பதற்கான மாதிரி. பாடப் பலகையில் இருந்த எழுத்தெல்லாம் வழக்கில் இருந்தது என்று அர்த்தமில்லை. உங்கள் அட்டவணையை வரைந்தவர் மாதிரிப் பலகையைப் பார்த்து ஒகரத்தைச் சேர்த்திருப்பார்.

சிம்மக்கல் வாசகன்

மேலே சொன்னதோடு பெயர்க் குழப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகங்களில் 'போட்ஸன் நெடுங்கணக்கு' என்று பார்த்தால் அது சன்ட்ஸேனோதான். கார்ல் பவுலி என்ற அறிஞர் 1885இல் வட இத்தாலிய எழுத்துகளை எஸ்தே, போட்ஸன், சோந்திரியோ, லுகானோ என்று ஊர்ப்பெயரில் பிரித்தார். அந்தப் பிரிவில் சோந்திரியோ என்று வருவது காமுனிக், அதை ரேட்டிக் என்று எடுத்து வரைந்துவிடாதீர்கள். வட இத்தாலியின் வால் கமோனிகாப் பள்ளத்தாக்குப் பாறைகளில் உள்ள காமுனிக் எழுத்து தனிக் குடும்பம், வடிவங்களும் ஏகத்துக்கு விசித்திரம். இணையத்தில் 'ரேட்டிக்' என்ற தலைப்பில் சுற்றும் அட்டவணைகளில் பாதி இந்தக் கலப்படம்தான்.

இரு பக்கமும் புள்ளி வைத்த அட்டவணை வெனெட்டிக், வட இத்தாலியின் இன்னொரு பழைய மொழியின் எழுத்து. எஸ்தே ஊரில், ரெய்த்தியா என்ற பெண்தெய்வத்தின் கோயிலில், எழுத்துப் பயிற்சிக்கான வெண்கலப் பலகைகளும் எழுத்தாணிகளும் காணிக்கையாகக் கிடைத்திருக்கின்றன. அங்கே வழக்கம் இது: மெய்யும் உயிரும் சேர்ந்த அசைக்குள் அடங்காமல் நிற்கிற எழுத்துக்கு இரண்டு பக்கமும் புள்ளி. அதாவது அசையை மூடும் மெய்க்கும், அசையைத் தொடங்கும் தனி உயிருக்கும்.

நம்மூர்க்காரருக்கு இது உடனே பிடிபடும். 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்' என்று தொல்காப்பியம் சொல்வதும் பாதி இந்த வேலைதானே? உயிர் ஏறாத மெய்யைக் காட்ட ஒரு புள்ளி. அதனால் அந்தப் புள்ளி அட்டவணையைத் தூக்கிப் போடாமல் சார்ட்டில் ஒரு ஓரமாகக் காட்டலாம் என்பது என் கட்சி.

எதிர்முகம்

வாசகரே, காட்டலாம், ஆனால் ரேட்டிக் சார்ட்டில் வேண்டாம். பார்க்கிற பிள்ளை புள்ளியையும் ரேட்டிக் என்றே மனதில் ஏற்றிக்கொள்ளும். அப்புறம், மாங்குளத்தில் புள்ளியே கிடையாது. பக்கத்துச் சார்ட்டில் இல்லாத ஒன்றை இந்தச் சார்ட்டில் ஒப்பிட்டால் இரண்டும் கெட்டுப்போகும்.

மாங்குளத்தில் மெய்யைக் காட்டிய வழியே வேறு. 'கடல்அன்', 'குவ்அன்' என்று மெய்யை வெறுமனே வெட்டிவிட்டு, அடுத்து அகரத்தைத் தனி எழுத்தாக வெட்டியிருக்கிறார்கள். கீழவளவில் 'உபசஅன்'. வாங்கிய எழுத்தில் நம் மெய்யை எப்படி அடக்குவது என்று தடுமாறிய காலத்துத் தடயம் அது. ஒப்பிட வேண்டுமானால் அந்தத் தடுமாற்றத்தை ஒப்பிடுங்கள். பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன நான்குக்கும் இங்கே வடிவம் உண்டாக்கினார்கள். 'நெடுஞ்சழியன்', 'வெள்அறை' இந்த இரண்டு சொல்லிலேயே நான்கும் மாங்குளத்தில் கிடைக்கின்றன. ரேட்டிக்காரர்களுக்கு 'ட்ஸ்' ஒலிக்கு ஒரு குறி வேண்டியிருந்தது. அதற்கு சன்ட்ஸேனோவில் ஒரு வடிவம், மக்ரேயில் ஒரு வடிவம். ஒரே மொழி, ஒரே ஒலி, இரண்டு தீர்வு. எனக்கு ரேட்டிக்கில் ரொம்பப் பிடித்த இடம் இது.

மேலூர் டீச்சர்

நன்றி சார். உ, ல, ப விளங்கிவிட்டது. திசைதான் இன்னும் பாக்கி. வலமிருந்து இடம் என்றால் எழுத்துகளையும் திருப்பி வரைய வேண்டுமா, வரிசையை மட்டும் மாற்றினால் போதுமா? கம்ப்யூட்டரில் பழைய இத்தாலிய எழுத்துரு போட்டு அடித்தால் இடமிருந்து வலமாகத்தான் வருகிறது. கீழவளவுக் கல்வெட்டும் வலமிருந்து இடம் என்று சொல்கிறார்களே, அதையும் இதோடு சேர்த்துக் காட்டலாமா?

பழங்காநத்தத்தான்

டீச்சர், வரிசையை மட்டும் மாத்தினா தப்பாப் போயிரும். எழுத்தும் சேர்ந்து திரும்பணும். ரேட்டிக் பெரும்பாலும் வலமிருந்து இடம். கைகால் உள்ள எழுத்தெல்லாம் எழுத்து ஓடுற திசையைப் பாத்துக்கிட்டு நிக்கும். எகரத்துக்கு ஒரு நிமிர்கோடும் பக்கவாட்டுல கைகளும் இருக்கும், வலமிருந்து இடமா எழுதினா கைகள் இடப்பக்கம் நீட்டும். ககரமும் அப்படித்தான். லகரத்துக் காலும் இடப்பக்கம்தான். படத்துல திசை தெரியலைன்னா எகரத்தைப் பாருங்க, அது கை நீட்டுற பக்கம்தான் அடுத்த எழுத்து இருக்கும்.

நம்பக்கூடாத எழுத்து ஒண்ணு இருக்கு, ஸகரம். நெளிகோடு. அது இப்படியும் திரும்பும், அப்படியும் திரும்பும். அதை வச்சுத் திசை சொன்னா ஏமாந்துருவீங்க. உகரம், தகரம் ரெண்டும் இடவலம் ஒரே மாதிரி, அதுகளாலயும் பிரயோசனமில்லை.

எழுத்துரு சமாச்சாரம். யூனிகோடில் பழைய இத்தாலியத் தொகுதி இடமிருந்து வலமா ஓடுற மாதிரிதான் வச்சிருக்காங்க, எழுத்தும் வலப்பக்கம் பாக்கும். அதுக்கு வழி, 'லுப்னு'வை இடமிருந்து வலமா அடிச்சு, படமா மாத்தி, முழு வரியையும் ஒரே தடவையில இடவலமாப் புரட்டிருங்க. வரிசையும் மாறும், எழுத்தின் முகமும் மாறும், ரெண்டு வேலை ஒரே அடியில முடிஞ்சிரும். ஒவ்வொரு எழுத்தாப் புரட்டினா கட்டாயம் ஒண்ணு விட்டுப்போகும்.

மக்ரே வரிக்கு இன்னொரு வேலை இருக்கு. எழுத்துருவில் வர்ற உகரம், லகரம், பகரம் சன்ட்ஸேனோ மாதிரிதான் நிக்கும். அந்த மூணை மட்டும் மேல்கீழாப் புரட்டணும். முழு வரியையும் மேல்கீழாப் புரட்டிறாதீங்க, அகரம் தலைகீழாத் தொங்கும். 'ட்ஸ்' குறி ரெண்டும் 2017இல் வந்த யூனிகோடு 10இல்தான் சேர்ந்துச்சு, வட ட்ஸே, தென் ட்ஸேன்னு பேரு. பழைய எழுத்துரு வச்சிருந்தா அந்த இடத்துல வெறும் கட்டம் தெரியும். கையால வரைஞ்சிருங்க.

அப்புறம் டிரேசிங் பேப்பர். எல்லாரும் வழுக்குற இடம் அதுதான். படத்து மேல வச்சு வரைஞ்ச தாளைக் கவுத்துப்போட்டுப் பின்பக்கமாத் தேய்ச்சா எழுத்து கண்ணாடி பிம்பமா விழும். சாதாரண எழுத்துல பாத்தவுடனே தெரிஞ்சிரும், ரேட்டிக்ல தெரியவே தெரியாது, ஏன்னா அது ஏற்கனவே நமக்குத் திரும்பின எழுத்து. படத்துலயும் தாள்லயும் வலது மேல் மூலையில 'வ'ன்னு பென்சில்ல ஒரு குறி போட்டுக்கிட்டு ஆரம்பிங்க. 'வ' நேரா வாசிக்க வந்தா தாள் சரியாயிருக்கு.

எதிர்முகம்

கீழவளவு பற்றி. 'உபசஅன் தொண்டிலவோன் கொடு பளிஇ' என்ற அந்தக் கல்வெட்டில் எழுத்து வலமிருந்து இடமாகப் போகிறது, தலைகீழாகவும் நிற்கிறது. பக்கத்தில் வைத்துக் காட்டலாம், நல்ல யோசனைதான். ஆனால் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ரேட்டிக்கில் வலமிருந்து இடம் என்பது வழக்கம், அவர்கள் கற்ற முறையே அது. தமிழிக்கு வழக்கம் இடமிருந்து வலம், கீழவளவு விதிவிலக்கு. இந்த வித்தியாசம் சார்ட்டில் இல்லாவிட்டால், 'அந்தக் காலத்தில் தமிழை வலமிருந்து இடமாக எழுதினார்கள்' என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லும்.

தலைகீழாகச் சுற்றியதா, கண்ணாடி பிம்பமா என்று பிரித்தறிவதும் ஒரு நல்ல பயிற்சி. எந்தக் கல்வெட்டுப் படத்தையும் மேசையில் வைத்து 180 பாகை சுற்றுங்கள். எல்லா எழுத்தும் பாடத்தில் பார்த்த மாதிரி நேராகிவிட்டால், வெட்டியவர் தலைமாட்டிலிருந்து வெட்டியது போன்ற வெறும் சுழற்சி. நேராக நின்றும் முகம் மட்டும் மாறியிருந்தால் பிம்பம். தமிழியில் இதைச் சொல்லக்கூடிய எழுத்துகள் ப, ல, ட, உ. கூட்டல் குறியாக இருக்கும் ககரமும், வெறும் கோடாக இருக்கும் ரகரமும் எந்தப் பக்கம் திருப்பினாலும் வாய் திறக்காது. தலைகீழ் ஆங்கில 'டி' போன்ற நகரம் நிமிர்வதையும் கவிழ்வதையும் சொல்லும், இடவலம் சொல்லாது.

படம் எடுக்கும்போது விளக்கை நேராக அடிக்காதீர்கள், பாறையை உரசுகிற மாதிரிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து ஒளி வந்தால், அந்த ஒளிக்கு இணையாக ஓடும் கோடு நிழலே விழாமல் மறைந்துபோகும். லகரத்தின் கால் மறைந்தால் ரகரம் ஆகிவிடும். குறைந்தது நான்கு பக்கமிருந்து நான்கு படம் வேண்டும். சாக்பீஸ் போட்டுக் கோட்டைத் தெளிவாக்கும் வேலை கூடவே கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், யார் சாக்பீஸ் போட்டாரோ அவருடைய வாசிப்புதான் பின்னால் வரும் எல்லாப் படத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

ரேட்டிக்குக்கும் குகை உண்டு என்பதையும் வேண்டுமானால் சேர்க்கலாம். ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில், ஸ்டைன்பெர்க் ஊருக்கு மேலே, ஊற்றுள்ள ஒரு குகையின் பாறையில் வரிவரியாகக் கீறியிருக்கிறார்கள்.

ஓட்டெழுத்து

ஓட்டில் கீறும் மேசைக்குச் சில விஷயங்கள்.

பழைய மேட்டில் பொறுக்கிய ஓடு வேண்டவே வேண்டாம். கீழடி பக்கத்தில் இருப்பதால் பிள்ளைகள் எதையாவது எடுத்துவந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மானாமதுரைப் பானை உடைந்தது இருந்தால் போதும். உள்ளங்கை அளவு, சுமார் 10 செ.மீ.க்கு 8 செ.மீ., கனம் 8 மி.மீ.க்குக் குறையாமல். மெல்லிய சட்டி ஓடு கீறும்போதே இரண்டாகும். வளைவு அதிகமில்லாத வயிற்றுப் பக்கம் நல்லது. 10 நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்தால் தூசி பறக்காது.

கீற 3 அங்குல கான்கிரீட் ஆணி, தலைப்பக்கம் துணி சுற்றி. ஓட்டுக்கு அடியில் மணல் நிரப்பிய துணிப்பை, இல்லையென்றால் மேசையில் ஆடும். கண்ணுக்குக் கண்ணாடி. எழுத்தின் உயரம் 2 செ.மீ. இருக்கட்டும். அதைவிடச் சின்னதாகப் போனால் கொக்கி எது, சிராய்ப்பு எது என்று தெரியாது.

முதல் இழுப்பிலேயே அழுத்தக் கூடாது. லேசாக மூன்று, நான்கு தடவை அதே தடத்தில் ஓட்டி, தடம் பிடித்த பிறகு அழுத்த வேண்டும். முதலிலேயே அழுத்தினால் ஆணி வழுக்கி ஒரு நீள வால் விழும், லகரம் பகரமாகிவிடும். இரண்டு கோடு வெட்டும் இடத்தில் சில்லு தெறிக்கும். அதனால் பெருக்கல் குறி மாதிரி இருக்கும் தகரத்தை மூலையிலிருந்து மூலைக்கு இழுக்காமல், நடுவிலிருந்து வெளியே நான்கு இழுப்பாக இழுக்கச் சொல்லுங்கள்.

வட்டம் போடச் சொல்லிப் பாருங்கள், வரவே வராது. ஐந்தாறு குட்டி நேர்கோடாக உடைந்து கோணலான பலகோணம்தான் வரும். சுட்ட ஓடு, கொம்பு, வெண்கலம், இவற்றில் எழுதின எழுத்து ஏன் இப்படிக் கோணல்மாணலான நேர்கோடாக இருக்கிறது என்பதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, கருவிதான் காரணம். இதைப் பிள்ளைகள் கையால் உணர்வது நல்லது. பக்கத்திலேயே ஒரு ஈரக் களிமண் தட்டும் மூங்கில் குச்சியும் வையுங்கள். அதில் வட்டம் அழகாக வரும், ஆனால் கோட்டின் இரு கரையிலும் மண் பிதுங்கி வரப்பு மாதிரி நிற்கும். சுட்ட பிறகு கீறினதில் வரப்பு இருக்காது, சில்லுதான் இருக்கும். அகழாய்வு ஓடுகளில் 'சுடும் முன் எழுதியது, சுட்ட பின் எழுதியது' என்று பிரிப்பதற்கு முதலில் பார்ப்பது இதைத்தான்.

மான்கொம்புக்குப் பதில் முற்றின மூங்கில் பட்டை வைக்கலாம். நார் ஓடும் திசையில் இழுத்தால் கத்தி நாரோடு ஓடிவிடும், நிறுத்த முடியாது. எழுத்து வரிசை மூங்கிலின் நீளவாக்கில் போகட்டும், நிமிர்கோடுகளை நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள், கொக்கிகளைச் சாய்த்து வெட்டுங்கள். கத்தி வேலை பெரியவர்கள் கையில் மட்டும்.

சிம்மக்கல் வாசகன்

'ஒரு தாய் மக்கள்' வரியை யாரும் தொடவில்லையே. எழுதாதீர்கள் டீச்சர். சிலுவைக் குறியை மட்டும் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். தமிழியில் அது கூட்டல் குறி, ஒலி க. ரேட்டிக்கில் அது பெரும்பாலும் பெருக்கல் குறி, ஒலி த. இன்னும் பாருங்கள். நம் 'ட' போன்ற வடிவம் பிராமியில் உ; அதையே முகம் திருப்பினால் சன்ட்ஸேனோவில் ல. கூரை வடிவம் மக்ரேயில் உ, அசோகர் பிராமியில் ககர வர்க்கத்து மூன்றாம் எழுத்து. மூன்று கை நீட்டிய வடிவம் ரேட்டிக்கில் எ, பிராமியில் ஜ. வடிவம் ஒன்று, ஒலி ஒன்றும் ஒட்டவில்லை. நேர்கோடு, சிலுவை, கூரை, வட்டம் இவற்றை வைத்து எழுத்துச் செய்ய உட்கார்ந்தால் யாருக்கும் இதே வடிவங்கள்தான் வந்து விழும்.

பழங்காநத்தத்தான்

ரெண்டும் கடைசியில மேற்காசியாவோட செமிட்டிக் எழுத்துக்குத்தானே போகுதுன்னு சிலர் வாதாடுவாங்களே வாசகரே?

சிம்மக்கல் வாசகன்

வாதாடட்டும். கிரேக்கம் பீனீசியத்திலிருந்து வந்தது முடிந்த விஷயம். பிராமிக்கு அரமேயம் மூலம் என்று பலர் சொல்வதும், இல்லை என்று சிலர் மறுப்பதும் இன்னும் நடக்கிற வழக்கு. அதை ஆறாம் வகுப்புச் சார்ட்டின் அடியில் ஒரு வரியில் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் மேலே சொன்ன நான்கு ஜோடிகளையும் வரைந்து, 'ஒரே வடிவம், வேறு ஒலி' என்று தலைப்புப் போடுங்கள். உடன் வேலை பார்க்கும் ஆசிரியருக்கும் மனக்குறை இருக்காது.

மேலூர் டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம். சார்ட்டில் மூன்று பத்தி: தமிழில் ஒலி, சன்ட்ஸேனோ, மக்ரே. உ, ல, ப, ட்ஸ் நான்கு வரிசை மட்டும் சிவப்பில், மற்றவை கறுப்பில். அடியில் 'லுப்னு' சன்ட்ஸேனோவில், பக்கத்தில் 'புல்னு என்று வாசித்தீர்களா?' என்ற கேள்வி. நான்கு ஜோடிகள் தனிக் கட்டத்தில். வெனெட்டிக் புள்ளி இல்லை. தலைப்பு: 'ரேட்டிக்: ஆல்ப்ஸ் மலையில் எட்ருஸ்கன் மொழி'. திசை புரிவதற்கு ஒவ்வொரு எழுத்து வரிசைக்கு மேலேயும் ஒரு அம்புக்குறி, வலமிருந்து இடமாக.

எதிர்முகம்

பத்தி, நிறம் எல்லாம் நன்று. தலைப்பை மாற்றுங்கள். ரேட்டிக் எட்ருஸ்கன் அல்ல, அதற்கு உறவான தனி மொழி. மொழியியலாளர் ஹெல்முட் ரிக்ஸ் 1998இல் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்தார். எட்ருஸ்கரில் ஒரு பிரிவு மலைக்குப் போய் ரேட்டியர் ஆனார்கள் என்பது ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்த கதை. 'ரேட்டிக்: எட்ருஸ்கனின் மலைநாட்டு உறவு' என்றால் பிழையில்லை. எழுத்து உறவையும் மொழி உறவையும் ஒன்றாகக் குழப்பாமல் இருந்தால் சரி. எழுத்தைக் கடன் வாங்கலாம், அதனால் மொழி உறவாகிவிடாது.

வியன்னா பல்கலைக்கழகம் ரேட்டிக் கல்வெட்டுகளை முழுத் தொகுப்பாக இணையத்தில் வைத்திருக்கிறது. சார்ட்டை ஒட்டுமுன் ஒவ்வொரு வடிவத்தையும் அங்கே உள்ள வரைபடத்தோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பழங்காநத்தத்தான்

டீச்சர், திசைக்கு அம்புக்குறி போடாதீங்க. சன்ட்ஸேனோவில் அம்பு ஒரு எழுத்து! ஒரு பையன் கட்டாயம் அதையும் சேத்து 'ட்ஸ்லுப்னு'ன்னு வாசிப்பான். சுட்டுவிரல் நீட்டின கை ஒண்ணு வரைஞ்சிருங்க.